அப்பாவை ‘ஏனுங்க’ என்று கூப்பிடும் பாப்பா

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோபி பக்கம். முதல் குழந்தை, பெண், இரண்டு வயது ஐந்து மாதம் ஆகிறது. அவள் பேசுவதையும் செய்வதையும் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வருகிறேன். நிலைக்கதவில் பென்சில் கோடும் உண்டு. இரண்டாவது பிறந்தநாளுக்கு 84 சென்டிமீட்டர், போன வாரம் 88.

பாப்பா அவள் அப்பாவை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பெண்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. தோட்டத்திலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் போதும், செய்வதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். “ஏனுங்க, வந்துட்டீங்களா?” அந்த இழுப்பு கூட என் இழுப்பேதான். அவரும் “வந்துட்டனுங்க அம்மிணி” என்று துண்டை உதறிக்கொண்டே பதில் சொல்வார்.

இன்னொன்று, என் மாமியாரையும் ‘அம்மா’ என்கிறாள், என்னையும் ‘அம்மா’ என்கிறாள். வீட்டுக்காரர் தன் அம்மாவை அப்படிக் கூப்பிடுவதைத்தானே கேட்கிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினால் யாரைக் கூப்பிட்டாளோ அவரை விரலால் காட்டிவிடுவாள்.

அப்புறம் செருப்பு. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பாள். ஒவ்வொன்றையும் தொட்டு யாருடையது என்று சொல்வாள். அப்பாரு செருப்பு (என் மாமனாருடையது) இல்லை என்றால் வரிசையில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு கேட்டுக்குப் போய் நிற்பாள். அவர் வந்து, செருப்பைக் கழற்றி, அதை அவள் கையால் அந்த இடத்தில் வைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது கேள்வி. ‘ஏனுங்க’ என்பதைத் திருத்த வேண்டுமா? மாமியார் திருத்தச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?


யாழ்ப்பாணத்து அப்பா:

எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. இரண்டு வயதில் என்னை ‘இஞ்சேருங்கோ’ என்றுதான் கூப்பிட்டாள். மனைவி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கோயில் வீதியில் சனத்துக்கு நடுவில் அவள் அப்படிக் கத்த, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், நானும் திரும்பினேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எத்தனை புருஷன்மார் திரும்புவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது தானாகவே போய்விட்டது. எப்போது போனது என்று எனக்கு நினைவே இல்லை, அதுதான் கவலை. நீங்கள் எழுதி வைப்பது நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள்.


மதுரை வடக்குமாசி:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி.

எங்கள் பெரியம்மா கூட்டுக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்தவர். வீட்டில் கொழுந்தன்மார் நாலு பேர். எல்லோரும் அவரை ‘மதினி’ என்பார்கள். அவருக்குப் பிறந்த மூத்த மகனும் அதையே கேட்டு ‘மதினி’ என்றே கூப்பிட ஆரம்பித்தான். சின்ன வயதில் எல்லோரும் ரசித்தார்கள். அண்ணனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் பெற்ற தாயை ‘மதினி’ என்றுதான் கூப்பிடுகிறார். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை, தாயைத் தாங்குகிறவர். ஆனால் ஒருமுறை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா என்னிடம் சொன்னார்: “மூணு பெத்தேன், ரெண்டு பேருதான் அம்மான்னு கூப்பிட்டாக.” நாற்பது வருஷமாக அதை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆகவே சின்னதிலேயே மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு பதில் சொல்லலாம். உள்ளே என்ன நினைக்கிறார் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.


நெல்லை ஆச்சி:

மதுரைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திருத்துவது என்றால் “அப்படிச் சொல்லாதே” என்று சொல்வது இல்லை. நாங்கள் உறவு முறையைச் சொல்லிக்கொடுத்ததே விளையாட்டில்தான்.

பிள்ளையை மடியில் வைத்து, உள்ளங்கையை விரித்து, முழங்கையை மத்து மாதிரி வைத்துப் பருப்பு கடைவோம். கடைந்த பருப்பையும் சோற்றையும் பங்கு வைக்க வேண்டுமே. ஒவ்வொரு விரலாக மடக்குவோம். இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது தாத்தாவுக்கு, இது ஆச்சிக்கு, இது பிள்ளைக்கு. அப்புறம் கையைக் கழுவிவிட்டு நண்டு ஊர்ந்து வரும், அக்குள் வரைக்கும். பிள்ளை நண்டுக்காகத்தான் காத்திருக்கும், ஆனால் நண்டு வர வேண்டும் என்றால் அஞ்சு பேருக்கும் பங்கு வைத்து முடிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தரம் கேட்கும். பத்து தரமும் அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி என்று காதில் விழும்.

என் மகன் எல்லா விரலையும் தனக்கே என்பான். அதற்கும் ஒரு வயசு உண்டு, விட்டுவிட வேண்டும்.


சேலம் புது அப்பா:

இழைக்கு நடுவில் வேறு விஷயம் கேட்பதற்கு மன்னிக்கவும். பையனுக்குப் பதினொரு மாதம். தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி, ஒரு காலால் உந்தி உந்தி ஹால் முழுக்கப் போகிறான். வேகமாகவே போகிறான். டவுசர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் “தவழாத பிள்ளைக்கு நடை தாமதம்” என்கிறார்கள். என் மனைவி ராத்திரி தூங்குவதில்லை.


இரவுப்பணி செவிலி:

சேலம் தம்பிக்கு: குழந்தைகள் வார்டில் பதினாறு வருஷம் வேலை பார்க்கிறேன். உட்கார்ந்து நகரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் நன்றாக வளரும் பிள்ளைகள் எப்போது உட்காருகிறார்கள், நிற்கிறார்கள், நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் 4.3 சதவீதம் பிள்ளைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை. தனியாக நடப்பதற்கு அவர்கள் குறித்த கால அளவு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எவ்வளவு அகலம் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடக்கும், உங்கள் பிள்ளை பதினாறில் நடக்கும், இரண்டும் சரியே.

இருந்தாலும் ஒன்று பாருங்கள். ஒரே பக்கம் தேய்கிறது என்றீர்கள். பொம்மையை இரண்டு கையாலும் எடுக்கிறானா? நிற்க வைத்தால் இரண்டு காலிலும் பலம் கொடுக்கிறானா? ஒரு பக்கத்துக் கையையோ காலையோ அவன் ஒதுக்குகிற மாதிரி தெரிந்தால் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

பேச்சுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 16 மாதம் ஆகியும் ஒரு சொல் கூட இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றால் காட்ட வேண்டும். எந்த வயதானாலும் பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை விட்டுவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். ‘பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்றரை வயது வரை காத்திருந்துவிட்டு வருகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வாய்க்கால்மேடு அக்காவின் பாப்பாவுக்கு அந்தக் கவலை எதுவும் வேண்டாம். ‘ஏனுங்க, வந்துட்டீங்களா’ என்பது முழு வாக்கியம். ஆளுக்கு ஏற்ற மரியாதையும் சேர்ந்தே வருகிறது.


சேலம் புது அப்பா:

ரொம்ப நன்றி சிஸ்டர். இரண்டு கையாலும் எடுக்கிறான், நிற்கும்போது இரண்டு காலிலும் ஊன்றுகிறான். இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தோம். ஆனாலும் திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டிவிடுகிறோம்.


மொழிப்பித்தன்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். வாய்க்கால்மேடு எழுதியதில் ஒரு வார்த்தை எனக்கு முக்கியமாகப் பட்டது: ‘முதல் குழந்தை’.

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் பாப்பா பிறப்பதற்கு முன் அவரை ‘அப்பா’ என்று கூப்பிட ஆளே கிடையாது. மனைவிக்கு அவர் ‘ஏனுங்க’, அம்மாவுக்குப் ‘பையன்’ அல்லது பேர். அவரைப் பார்த்து யாரும் சொல்லாத ஒரு சொல்லை இந்தப் பிள்ளை முதல் ஆளாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இந்தச் சிரமம் இல்லை, மூத்தது கூப்பிடுவதைக் கேட்டுக்கொள்ளும்.

நம் உறவுப் பெயர்கள் எல்லாமே இப்படித்தான். பால், பூனை, நிலா என்றால் யார் சொன்னாலும் அதுதான். ஆனால் ஒரே ஆள் ஒருவருக்கு அத்தை, ஒருவருக்கு மதினி, ஒருவருக்கு அம்மா. சொல்கிற வாய் மாறினால் பெயர் மாறும் என்பதை இரண்டு வயதில் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது பெரிய கணக்கு. ஜெனீவாவில் குழந்தைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த ழான் பியாஜே என்ற உளவியலாளர் 1920களில் சின்னப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தார். உனக்குச் சகோதரன் இருக்கிறானா? இருக்கிறான். உன் சகோதரனுக்குச் சகோதரன் இருக்கிறானா? இல்லை என்றார்கள். அவர்கள் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள். தானும் இன்னொருவருக்கு உறவு என்பது அவ்வளவு தாமதமாகத்தான் பிடிபடுகிறது.

நோட்டு எழுதுவது பற்றியும் ஒன்று. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைப் பார்த்து இப்படித்தான் குறிப்பு எழுதினார். பையன் பிறந்தது 1839இல், அந்தக் குறிப்புகளை அவர் வெளியிட்டது 1877இல். சரியாக ஒரு வயதில் அந்தப் பையன் சாப்பாட்டுக்குத் தானாக ஒரு சொல் கண்டுபிடித்தானாம். என்ன சொல் தெரியுமா? ‘மம்’. நம் வீடுகளில் மம்மம், மம்மு என்று சோறூட்டுகிறோமே, அதேதான். சர்க்கரைக்கு ‘ஷு-மம்’ என்று சொன்னானாம். அப்புறம் கறுப்பு என்ற சொல்லைக் கற்றதும் அதிமதுர மிட்டாய்க்குக் ‘கறுப்பு ஷு-மம்’. அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று டார்வினே எழுதியிருக்கிறார். தெரியாவிட்டாலும் எழுதி வைத்தாரே, அதனால்தான் இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.


வாய்க்கால்மேடு:

மொழிப்பித்தன் அண்ணா எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். “ஆமா, என்னைய அப்பான்னு கூப்பிட இங்க யாரு இருந்தா” என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

மதுரை அண்ணா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். “கூப்பிடட்டும், ஆனா ஒரு தடவை அப்பான்னு கேக்கணும்னு இருக்கு” என்றார். பெரியம்மா சொன்னது இரண்டு நாளாக என் மனசை விட்டுப் போகவில்லை.

நான் ஏன் திருத்தத் தயங்குகிறேன் என்று முதலில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இவர் பரிமாறிக்கொண்டிருந்தார். பாப்பா என் இடுப்பில் இருந்தபடியே “ஏனுங்க, இங்க வாங்க” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. “இன்னொரு தடவ சொல்லு சாமி”, “அவரு யாரு உனக்கு?”, “அப்ப உங்கம்மா யாரு?” என்று ஆள் மாற்றி ஆள். முதல் இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் என் முகத்தைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பார்த்ததும் என் மாராப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும், ஓடுவாள், வாசல்படியில் நின்று வேட்டியைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். செருப்பு வரிசையில் அவர் செருப்பைத் தொடும்போதும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள்தான் மெதுவாக ‘ஏனுங்க’ திரும்பி வந்தது.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் அவர் பேர். நம் பேரைச் சொல்லி நாலு பேர் கைகொட்டிச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம், யார் வந்தாலும் “இன்னொரு தடவ சொல்லு” கிடையாது.


மதுரை வடக்குமாசி:

தங்கச்சி, இது தெரியாமல் சொல்லிவிட்டேன். அந்த மூன்று நாளைப் படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாமும்தான் எத்தனை பிள்ளைகளிடம் “இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டிருக்கிறோம்.

ஆனால் அப்பா என்று கேட்க ஆசைப்படுகிறார் என்றீர்களே, அதையும் விட்டுவிடக் கூடாது. திருத்த வேண்டாம், காதில் விழ வையுங்கள். ஆச்சி சொன்ன பருப்பு கடைகிற விளையாட்டு நல்ல வழி.


நெல்லை ஆச்சி:

நீ ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம் மகளே. அது உன் சொல், உன்னிடமே இருக்கட்டும். பிள்ளையிடம் பேசும்போது மட்டும் “அப்பா வந்துட்டாரு, அப்பாவுக்குத் தண்ணி குடு” என்று சொல்லு. அவரையும் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘நான்’ என்னாமல் ‘அப்பா’ என்று சொல்லச் சொல்லு. “அப்பா தூக்கறேன் வா.” இரண்டையும் கேட்கட்டும். எது யாருக்கு என்று அதுவே பிரித்துக்கொள்ளும்.


யாழ்ப்பாணத்து அப்பா:

ஆச்சி சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மகள் கொஞ்ச நாள் ‘உனக்கு வேணும்’ என்றால் ‘எனக்கு வேணும்’ என்று அர்த்தம். “உனக்கு வேணுமா?” என்று கேட்டுத்தானே கொடுக்கிறோம். அதையும் நாங்கள் திருத்தவில்லை. மாம்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்டு, உனக்கு ஒண்டு” என்று நானும் அவளும் மாறி மாறிச் சொல்லிச் சாப்பிட்டோம். ஒரு பருவ மாம்பழம் முடிவதற்குள் சரியாகிவிட்டது.


வாய்க்கால்மேடு:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். நடுவில் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அந்த ஏழு நாளும் பாப்பா செருப்பு வரிசையில் அப்பாரு இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தாள், ராத்திரியில் வேறு யாராவது அங்கே கழற்றிப் போட்டால் எடுத்துத் தள்ளி வைத்தாள். இப்போது அவர் நன்றாக இருக்கிறார்.

ஆச்சி சொன்னபடி தினமும் பருப்பு கடைந்தோம். அவள் அப்பாவும் கடைந்தார், அவர் கை நண்டுக்குத்தான் அதிகச் சிரிப்பு. கட்டை விரலை மடக்கும்போது ‘அப்பாவுக்கு’ என்று சொல்வாள், ஆனால் ஆளைப் பார்த்தால் மறுபடியும் ‘ஏனுங்க’தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேப்பமரத்தடியில் சொப்புச் சாமான் வைத்து விளையாடினாள். என் துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டாள். மூன்று கல் வைத்து அடுப்பு, மண்ணுதான் சோறு, அதில் வேப்பம்பூவைத் தூவித் தாளிப்பு. துண்டுக்குள் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது, அதுதான் அவள் பாப்பா. சமையல் முடிந்ததும் தொழுவத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏனுங்க, சாப்பிட வாங்க.” அவர் தீவனத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூவரச இலையில் பரிமாறினாள். நான் திண்ணையில் பூ கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு கட்டெறும்பு அவள் பெருவிரலைக் கடித்துவிட்டது. கரண்டியைப் போட்டாள். துண்டு அவிழ்ந்து விழுந்தது. “அப்பா!” என்று கத்தினாள். மூன்று, நாலு தரம், “அப்பா, அப்பா” என்று.

அவர் அவளைத் தூக்கி, எறும்பைத் தட்டிவிட்டு, கடித்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. “இன்னொரு தடவ சொல்லு” என்று கேட்கவும் இல்லை.

அழுகை நின்றதும் அவர் தோளிலிருந்து இறங்கினாள். துண்டை எடுத்து அவளே சுற்றப் பார்த்தாள், முடியவில்லை, அவர் சுற்றிவிட்டார். அடுப்புக்கிட்டே போய் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள்.

“ஏனுங்க, சோறு ஆறிப் போகுது” என்றாள்.